எங்கப்பா கையை உடைச்ச சிஸ்டர்

சிஸ்டர் பெனிட்டா காலைல போயிட்டாங்க. ஹார்ட்...

யுனிவர்சிட்டி பேஜ்ல "சாந்தமே உருவானவர்"னு போட்டிருக்காங்க. எழுதினவங்க எங்கப்பாவோட வலது கையை ஒரு தடவை பார்த்துட்டு எழுதியிருக்கலாம்.

நான் படிச்சப்ப அது யுனிவர்சிட்டி இல்ல. குன்னூருக்குக் கீழ மூடிக் கிடந்த டீ ஃபேக்டரியை வாங்கி, எஸ்டேட் பொண்ணுங்க படிக்கட்டும்னு சிஸ்டர்ஸ் ஆரம்பிச்ச சின்ன காலேஜ். இலை வாட்டுற மாடிதான் எங்க ஹாஸ்டல். மழை பெஞ்சா போர்வையெல்லாம் டீத்தூள் வாசம்.

பெல்லுக்குப் பதிலா மலை ரயிலோட பல்லு வெச்ச தண்டவாளத் துண்டு ஒண்ணு, கேட் பக்கத்துல தொங்கும். வார்டன் சிஸ்டர் பெனிட்டாதான் இரும்புக் கம்பியால அடிப்பாங்க. அந்த அடிக்கு ரோட்டுல படுத்திருக்கிற நாய் எழுந்து ஓடும்.

ரெண்டாம் வருஷம் லீவுக்குப் போனா, என்னைக் கேக்காமலே கல்யாணம் பேசி முடிச்சிருந்தாங்க. மாட்டேன்னேன். அப்பா அடிச்சார். தடுத்த அம்மாவுக்கும் உதடு கிழிஞ்சுது.

மறுநாள் முதல் பஸ் புடிச்சு ஹாஸ்டலுக்கு ஓடி வந்துட்டேன். பின்னாடியே அவரும் வந்தார்... கையில கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடி வெட்டுறது.

பிரேயர் நேரம். எல்லாரும் வரிசையில நிக்கிறோம்.

"அவளை வெளிய அனுப்பு. வெட்டிப் போட்டுட்டு நானே ஸ்டேஷனுக்குப் போறேன்."

கேட் கம்பி நடுவுல கையை விட்டு வீசினார். வாட்ச்மேன் தோள்ல வெட்டு. சட்டையெல்லாம் ரத்தம்.

சிஸ்டர் பெல் கம்பியோட முன்னாடி போனாங்க. "ஏனுங்க, கத்தியக் கீழ போட்டுருங்க."

போடல.

ஒரே அடி. எலும்பு உடைஞ்சது கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. அப்பவும் கத்தி விழல. "போடுங்கன்னு சொன்னனுங்க"ன்னு இன்னொரு அடி. விழுந்துச்சு.

மரியாதை குறையாம ஒரு மனுஷனை அப்படி அடிச்சு நான் அதுக்கப்புறம் பார்த்ததில்ல.

அப்புறம் சொந்த ஷாலைக் கிழிச்சு வாட்ச்மேனுக்கு ஒரு கட்டு, அப்பாவுக்கு ஒரு கட்டு. ரெண்டு பேருக்கும் நடுவுல இவங்க உக்காந்து ஒரே ஜீப்புல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க.

சாப்பாட்டு ஹால்ல எல்லார் முன்னாடியும் சிஸ்டர் முட்டி போட்டு மன்னிப்புக் கேக்கணும்னு மதர் சுப்பீரியர் சொன்னாங்க. கேட்டாங்க. கேட்டுட்டு, "மறுபடி வந்தா மறுபடி அடிப்பனுங்க மதர்"னாங்க. அப்படிச் சொன்னதுக்கு அந்த வாரம் பூரா முட்டிதான்.

நானும் போய் பக்கத்துல முட்டி போட்டேன். "எந்திரிச்சுப் போய் படி. பெயிலானீன்னா நானே உங்கப்பன்கிட்டப் புடிச்சுக் குடுத்துருவேன்"னாங்க சிஸ்டர்.

பாஸானேன். இப்ப அதே ஹாஸ்டலுக்கு நான்தான் வார்டன்.

அப்பாவுக்கு அந்தக் கையில ரெண்டு விரல் மடங்காது. அவரை மன்னிச்சுட்டியான்னு யாரும் கமெண்ட்ல கேக்காதீங்க. இல்ல.

மத்தியானம் போன் பண்ணார்.

"அந்தம்மா எறந்துட்டாங்களாமே."

"ஆமா. அடக்கம் இங்க காலேஜ்லயே."



"நாளைக்கு நானும் வரட்டா? குழியில ஒரு புடி மண்ணு போட்டுட்டுப் போயிடுறேன்."

அன்னைக்கு அப்புறம் இத்தனை வருஷத்துல அவர் இந்த கேட் பக்கம் வந்ததே இல்ல.

"வாங்க. வெறுங்கையோட வாங்க"ன்னேன்.

போயிட்டு வாங்க சிஸ்டர்... நாளைக்கு அவருக்கு நானே கேட்டைத் திறந்து விடுறேன்.