ஹார்மெனுக்கு வந்த அழைப்பு

எங்கள் கேரவன் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் கணவர் ஹார்மென் வியர்ஸ்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். அவர்களுக்கு என்ன வேண்டுமோ அதை எழுதிக் கொடுத்துவிட்டேன். நல்ல மனிதர், யார் கார் நின்றாலும் ஓடி வருவார், இத்யாதி. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர் ஏன் அப்படி ஆனார் என்பதை மட்டும் எழுதவில்லை. அதை எழுதக் கை வரவில்லை.

ஹார்மென், நெதர்லாந்தில் எங்கள் ஊரான போல்ஸ்வர்ட்டில், பால் பவுடர் ஆலையில் முப்பத்தெட்டு வருடம் ஃபிட்டர். எதிலும் அவசரம் கிடையாது. காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடுதான் கேரவன்; அதை நிறுத்தினால் ரசமட்டம் வைத்து நாலு மூலையும் சமன் செய்த பிறகுதான் உட்காருவார். அதற்குள் நான் காபி குடித்து, கப்பையும் கழுவி வைத்திருப்பேன்.

நாங்கள் இரண்டே பேர். ஆலையில் வருடத்துக்கு மூன்று வாரம் விடுமுறை, அதுவும் ஜூலையில். என் மாமனாருக்கு நெஞ்சுவலியும் ஜூலையில்தான் வரும். ஒரு வருடம் கேரவனைக் காரில் மாட்டிய பிறகு வந்தது. இன்னொரு வருடம் நாங்கள் லக்சம்பர்க்கில் கூடாரத் துணியை விரிக்கும்போது ஹார்மெனின் அக்கா யெல்லியிடமிருந்து முகாம் அலுவலகத்துக்குப் போன் வந்தது. அடித்துப் பிடித்துத் திரும்பினோம். கிழவர் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயத்தோடு ஹெரிங் மீன் தின்றுகொண்டிருந்தார். “வந்துட்டீங்களா? வலி நேத்தே போயிடுச்சே” என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தட்டை எடுத்துக் கால்வாயில் வீசியிருப்பேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், செய்த காரியத்துக்கு ஒரு காரணமாவது இருந்தது என்று காட்டத்தான். போதாத காரணம்தான். எனக்கே தெரியும்.

1983இல் தெற்குப் பிரான்ஸ் வரைக்கும் போவது என்று முடிவு செய்தோம். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. எங்கள் சாம்பல் நிறக் கடலைத் தவிர வேறு கடல் பார்த்தது கிடையாது. ஜூலை பதின்மூன்றாம் தேதி, வலான்ஸ் நகருக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மேட்டில் கார் ஆவி கக்கி நின்றது. வாட்டர் பம்ப் போய்விட்டது. ஹார்மென் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏப்ரல்லயே லேசா ஒழுகிச்சு. வந்து மாத்திக்கலாம்னு விட்டுட்டேன். என் தப்பு.”

மறுநாள் பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாள், கராஜ் மூடல். அதற்கடுத்த நாள் பம்ப் லியோனிலிருந்து வரவேண்டும் என்றார்கள். இழுவை வண்டிக்காரர் எங்கள் கேரவனை, பயணிகள் தங்கும் ஊராட்சி முகாமில் கொண்டுபோய் விட்டிருந்தார். அங்கே மூன்று நாள் உருளைக்கிழங்கு உரித்தேன். உருளைக்கிழங்கு ஊரிலிருந்தே ஒரு மூட்டை கொண்டுபோயிருந்தோம். பிரான்சில் கிடைக்காது என்று நினைத்தோமோ என்னவோ.

அந்தக் காலத்தில் கைப்பேசி ஏது? எங்கே தங்குவோம் என்று சொல்லாமல் வெளிநாட்டில் சுற்றும் எங்கள் ஆட்களைப் பிடிக்க ஒரே வழி சிற்றலை ரேடியோதான். சாயங்காலச் செய்தி முடிந்ததும் பெயர்களைப் படிப்பார்கள். இன்ன எண்ணுள்ள கார், பின்னால் கேரவன், இன்ன பகுதியில் இருக்கலாம், உடனே அவசர உதவி மையத்தை அழைக்கவும். காரணம் சொல்லமாட்டார்கள். சொல்லாமலே எல்லோருக்கும் புரியும். அந்த ஐந்து நிமிடம் முகாமே பேச்சை நிறுத்திவிடும்.

சனிக்கிழமை சாயங்காலம் ஹார்மென் கராஜில் இருந்தார். பக்கத்துக் கேரவன்களில் ஜெர்மன்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும்தான்; எங்கள் மொழி புரிந்தவர் யாரும் இல்லை. எங்கள் ரேடியோ மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. செய்தி முடிந்தது. மூன்றாவது பெயராக “போல்ஸ்வர்ட், திரு. ஹா. வியர்ஸ்மா” என்று படித்தார்கள். கார் எண்ணை இரண்டு முறை சொன்னார்கள்.

நான் ரேடியோவை அணைத்துவிட்டேன்.

கால் மணி நேரத்தில் ஹார்மென் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் கிரீஸ். மூன்று நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார். “ரென்ஸ்கே, நாளைக்கு மதியம் நீ கடல்ல நிப்ப!” நான் அவரைக் கட்டிக்கொண்டேன். ஒரே ஒரு நாள், நாளைச் சாயங்காலம் அவரே கேட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடல் பார்த்தேன். நீலமாகத்தான் இருந்தது. ஹார்மென் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அலையில் நின்றார். நாலு மணி இருக்கும். என் மாமனார் இறந்ததும் அதே நாலு மணிக்கு. முந்தின நாள் கேரவனை அங்கேயே விட்டுவிட்டு காரை விரட்டியிருந்தால் அன்று மதியத்துக்குள் ஊர் போயிருக்கலாம். ஒரு போனாவது பேசியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் மறுபடி படித்தார்கள். ஹார்மென் முகாம் அலுவலகத்துக்கு ஓடிப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினார். “நேத்தே கூப்பிட்டிருக்காங்க. உனக்குக் கேக்கலையா?”

“பேட்டரி வீணாகுமேன்னு ரேடியோ போடல.”

அவர் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. “நான் இருந்திருந்தா போட்டிருப்பேன். பம்ப மட்டும் ஏப்ரல்ல மாத்தியிருந்தா நான் ரேடியோகிட்ட உக்காந்திருப்பேன்” என்றார். அதையே வருடக்கணக்காகச் சொன்னார். யெல்லி சவ அடக்கத்தன்று, அவருடைய வெயில்பட்ட மூக்கைப் பார்த்து, “நல்லா வெயில் காஞ்சுட்டு வந்திருக்க” என்றாள். அதன்பிறகு அவரை வீட்டுக்குள் விடவில்லை. ஒரே ஊர், நாலு தெரு தள்ளி வீடு.

அடுத்த வருடத்திலிருந்து ஹார்மென் சாயங்காலம் பென்சிலோடு ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிடுவார். கார் எண்களை எழுதிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரத்து முகாம் ஒவ்வொன்றாகத் தேடுவார். நான் சூப்பை மூடி வைப்பேன். அப்படி ஒன்பது குடும்பங்களைக் கண்டுபிடித்தார். ஒருத்தன் முகத்தில் சவர நுரையோடு அவர் தோளில் சாய்ந்து அழுதான். கைப்பேசி வந்து அந்த அறிவிப்பு நின்ற பிறகு நின்றுபோன கார்களைப் பிடித்துக்கொண்டார். பெல்ட், ஹோஸ், பம்ப் என்று கேரவன் நிறைய உதிரி பாகம். என் துணிக்கு ஒரு அலமாரிதான் மிச்சம். நான் முணுமுணுக்கக்கூட இல்லை. எந்த வாயால் முணுமுணுப்பது?

இரண்டாயிரத்து ஒன்பதில், பிரான்சில் டோர்டோன் ஆற்றங்கரை முகாமில், எங்கள் நாட்டு உட்ரெக்ட் நகரத்து அம்மா ஒருத்தியின் காரைச் சரிசெய்து கொடுத்தார். அவள், “உங்க வீட்டுக்காரரு தேவதைங்க” என்றாள்.

ஹார்மென் கை துடைத்துக்கொண்டே, “தேவதையெல்லாம் இல்லங்க. நான் ஒரு பெரிய தப்புப் பண்ணினவன், அதான்” என்றார். சாதாரணமாக, மணி கேட்டால் சொல்வதுபோல.

மறுநாள் காலைக் காபியின்போது சொல்லிவிட்டேன். முழுவதையும்.

அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். “அப்பா நிஜமாவே சாகக் கிடப்பாருன்னு உனக்குத் தோணலையா?”

தோன்றவில்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்புவார்கள். ஆனால் முன்பு வந்த நெஞ்சுவலிக்கெல்லாம் வீட்டார் ரேடியோ வரை போனதில்லை. “தோணுச்சு” என்றேன். “கடலப் பாத்துட்டு சொல்லலாம்னு இருந்துட்டேன்.”

ஆற்றில் யாரோ படகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“இப்ப ஏன் சொன்ன?”

“என்னால தாங்க முடியல ஹார்மென்.”

“உனக்குத் தாங்க முடியலன்னதும் எங்கிட்ட குடுத்துட்ட.”

கத்தியிருந்தால் தேவலை. எழுந்து, கேரவனைத் தாங்கும் இரும்புக் கால்களை ஒவ்வொன்றாக மடக்கி ஏற்றினார். இரண்டு நாள் ஓட்டினார். பின்னால் நின்று விளக்கு எரிகிறதா என்று நான் சொல்வதும், அவர் ‘சரி’ என்பதும்தான் பேச்சு. போல்ஸ்வர்ட் வந்ததும் எங்கள் தெருவுக்குத் திரும்பவில்லை. யெல்லியின் வீட்டு முன்னால், தெருவை அடைத்துக்கொண்டு நிறுத்தினார். “நீ இங்கயே இரு” என்று சொல்லிவிட்டு மணியடித்தார். கதவு திறந்தது. இரண்டு நிமிடம் பேசியிருப்பார். பிறகு யெல்லி, எழுபத்திரண்டு வயதில், கைத்தடியோடு காரிடம் வந்தாள்.

“எங்கிட்ட நீ ஏதோ சொல்லணுமாமே. அவன் சொல்ல மாட்டானாம். நீதான் சொல்லணுமாம்.”

நான் இறங்கி நின்று சொன்னேன். பின்னால் ஒரு வேன்காரன் ஹாரன் அடித்தான். யெல்லி என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்தேன். அவள் கார் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கு அப்பா ரெண்டு தடவ கேட்டாரு, ஹார்மென் வந்துட்டானான்னு” என்றாள். “ரேடியோல சொல்லியும் அவன் ஒரு போன்கூட பண்ணல. அவனுக்குக் கடல்தான் முக்கியம், வரமாட்டான்னு நான்தான் அப்பாகிட்ட சொன்னேன். அப்புறம் அவரு கேக்கவே இல்ல.”