மாதாவுக்கு மேலே டில்லிபாபு

டெல்பினக்காவின் பக்கத்து வீட்டு ஆலிஸ் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, பூட்டிக் கிடந்த அவர் வீட்டுக் கூரைமேல் தென்னை மட்டை விழுந்து நாலைந்து ஓடு நொறுங்கிவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. ஓடு மாற்றுகிற டில்லிபாபு தானே ஏறினார், நல்ல ஓடாக மாற்றினார், சத்தமில்லாமல் போய்விட்டார். போனவர் செருப்பை மட்டும் ஆலிஸ் வீட்டுச் சுவரோரம் மறந்துவிட்டார்.

மறுநாள் டெல்பினக்கா அதைக் கையில் எடுத்துவந்து, "இது உன்னுதுதானே டில்லி?" என்று கேட்டார்.

டில்லிபாபு வெறுங்காலோடு நின்றுகொண்டே "ம்ஹூம்" என்று தலையாட்டிவிட்டு, கொதிக்கிற தார் ரோட்டில் தத்தித் தத்திப் போனார்.

தரையில் நிற்கும்வரை அவர் வாயிலிருந்து வருவது அவ்வளவுதான். ஒரு "ம்", ஒரு "ம்ஹூம்". ஆனால் கால் ஓட்டில் பட்டுவிட்டால் போதும், ஆண்டவர் அவர் நாவின் கட்டை அவிழ்த்துவிடுவார். "இன்னா பெருசு, ஆட்டோவப் பாத்து ரிவர்ஸ் எடு, பின்னால நாய் பட்துக்கினு கீது!" "மூணாவது வீட்டு அண்ணி, பால் பொங்குது!" என்று சாந்தோம் சந்து முழுவதற்கும் மேலிருந்தே காரியம் பார்ப்பார். அதனால் அவரிடம் உருப்படியாக ஏதாவது பேச வேண்டுமென்றால் அவர் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

டெல்பினக்காவின் வீடு அவர் மாமனாருக்கும் பாட்டனார் கட்டியது. மங்களூர் ஓடு. அக்டோபர் ஜெபமாலை மாதம் அல்லவா? மாதா சொரூபம் வீடு வீடாக வரும்; ஒரு வீட்டுக்கு ஒரு ராத்திரி. போன வருஷம் டெல்பினக்காவின் முறை வந்த அன்று நல்ல மழை. கூடம் முழுக்க வாளியும் குண்டானும். அன்பியம் என்கிற தெரு ஜெபக் குழுவின் தலைவி சான்ட்ரா மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "மாதாவை நனைய விடக்கூடாது டெல்பின்" என்று சொல்லி, எதிரே இருக்கும் தன் அபார்ட்மெண்டுக்குச் சொரூபத்தைத் தூக்கிப் போய்விட்டார். அக்கா அன்றிரவு சாப்பிடவில்லை. இந்த வருஷம் மாதா தன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று அப்போதே நேர்ந்துகொண்டார்.

அதற்காகத்தான் டில்லிபாபுவை வரவழைத்தது. அவர் கூடத்து ஓடுகளையெல்லாம் பிரித்து இறக்கி, கரையான் தின்ற ரீப்பர் கட்டைகளை மாற்றினார். உடைந்த ஓடுகளுக்குப் பதில் வேறு வேண்டும் என்றார். அக்காவின் வீட்டுக்காரர் ஆரோக்கியநாதன் உதவி செய்கிறேன் பேர்வழி என்று, கடையில் பளபளவென்று புது ஓடு வாங்கி வந்து இறக்கினார்.

டில்லிபாபு ஒன்றை வைத்துப் பார்த்தார். பழைய ஓட்டின் பள்ளத்தில் புது ஓட்டின் மேடு உட்காரவேயில்லை.

"நைனா, இன்னா இது? மாமியாளும் மருமவளும் மாறி மூஞ்சத் திருப்பிக்கினு கீது!"

"ஓடுன்னா ஓடுதானேப்பா?"

"அப்போ உன் பல்லு செட்டக் கயட்டிக் குடு, நான் மாட்டிக்கிறேன். பல்லுன்னா பல்லுதானே?"

ஆரோக்கியநாதன் புது ஓடுகளைத் திரும்பக் கடைக்கே ஏற்றி அனுப்பினார்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, டில்லிபாபு அங்கே ஓடி, அதே கம்பெனி ஓடாகப் பொறுக்கி வந்தார். அதற்குள் மாதா வரும் நாளே வந்துவிட்டது. சாயங்காலம் பாட்டுச் சத்தம் சந்து முனையில் கேட்டபோது, மாதாவுக்குப் போட்ட பீடத்துக்கு நேர் மேலே, ஓர் ஆள் படுக்கிற அளவுக்குக் கூரை இன்னும் திறந்துதான் கிடந்தது. வாசலை மறைக்கிறதே என்று ஆரோக்கியநாதன் ஏணியை எடுத்துப் பின்கட்டில் போட்டுவிட்டார். மேலே ஆள் இருப்பது அவருக்கு ஞாபகமில்லை.

சொரூபத்தைப் பீடத்தில் வைத்ததும் சான்ட்ரா அண்ணாந்தார். "என்ன டெல்பின், வானம் தெரியுது? எங்க வீட்டுக்கே கொண்டுபோயிடலாமா? லிஃப்ட் இருக்கு."

'தாயே, இந்த வருஷமுமா?' என்று டெல்பினக்காவின் மனசு அடித்துக்கொண்டது.

அப்போது மேலே ஒரு முகம் எட்டிப் பார்த்தது. "வானம் இல்ல மேடம், நான்தான் கீறேன். நீங்க பாட்டுக்கு ஆரம்பிங்க."

சான்ட்ரா ஆரம்பித்தார். ஒவ்வொரு மந்திரத்தையும் அவர் ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுப்பார். கீழே ஒரு மந்திரம் முடிய, மேலே 'டக்' என்று ஓர் ஓடு உட்காரும்.

"யக்கா, லைட்ஹவுஸ் மறஞ்சிட்ச்சு! மழ வந்துக்கினு கீது!"

ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சான்ட்ராவின் குரல் கொஞ்சம் விரைந்தது.

"பீச் ரோட்டத் தாண்டிட்ச்சு! மேடம், கொஞ்சம் கியர மாத்துங்க!"

மேடம் மாற்றினார். அப்படி ஒரு வேகத்தில் அந்தச் சந்தில் அதுவரை யாரும் ஜெபமாலை சொன்னதில்லை. 'டக்' 'டக்' என்று ஓடும் ஈடு கொடுத்தது. ஜெபமாலையின் கடைசிப் பகுதியான ஐந்தாம் பத்தில் அந்த 'டக்' நின்றது.

"ரெண்டு ஓடுதான் பாக்கி, கீழ கீது! ஏணி எங்க நைனா?"

"பின்கட்டுல" என்றார் ஆரோக்கியநாதன், ஜெபமாலையோடு எழுந்து.

"எந்திரிக்காத! பூச கெட்டுடும், உக்காரு!"

மழை பிடித்துக்கொண்டது. டில்லிபாபு அந்தத் திறப்பின் மேல் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜெபமாலை முடியும்வரை அந்த இரண்டு ஓட்டுக்குப் பதில் அவர்தான். மாதாவின் மேல் ஒரு சொட்டு விழவில்லை.

கடைசி ஆமென் சொல்லி, ஏணி கொண்டுவந்து, மீதி இரண்டு ஓடுகளையும் ஏற்றிக்கொடுக்க, அவற்றையும் பதித்துவிட்டு இறங்கியபோது அவர் கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கினார். சான்ட்ராவே துண்டை நீட்டி, "ரொம்ப நனைஞ்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

"ம்ஹூம்" என்றார் டில்லிபாபு.

சொரூபம் அன்றிரவு அங்கேயே இருந்தது. எடுத்துப் போகலாம் என்று சான்ட்ரா பேச்சே எடுக்கவில்லை.

அடுத்த பொங்கல் கழிந்ததும் டில்லிபாபு மகன் வீட்டோடு இருக்கத் திருவள்ளூருக்குக் கிளம்பினார். சாமான் ஏற்றிய குட்டியானை வண்டியை டெல்பினக்கா வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கி வந்து நின்றார். "போய்ட்டு வர்றியாப்பா?" என்றார் அக்கா. "ம்" என்றார். அக்காவுக்குக் கண் கலங்கியது. டில்லிபாபு திரும்பிப் போய், கட்டிலுக்கும் பீரோவுக்கும் மேலே, சாமான் உச்சியில் ஏறி உட்கார்ந்தார். வண்டி நகர்ந்ததும் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்:

"யக்கா! இந்த வருசம் மாதா வந்தா டில்லி கேட்டான்னு சொல்லு! அன்னிக்கி மேடத்தோட சேத்து அவங்களயும் ரொம்ப அவசரப்படுத்திட்டேன், கோச்சிக்க வேணாம்னு சொல்லு!"