வெட்டி எழுதிய கடிதம்

எங்கள் சலவை அறையின் பெரிய மெஷினைப் பகலில் நிறுத்துவதில்லை. அன்று நிறுத்தினார்கள். அந்தச் சத்தம் இல்லாமல் போனதும் கனவுக்குள் நிற்பதுபோல இருந்தது. பொறுப்பாளர் கதவடியில் நின்றார். அவர் வாய் திறக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. ஹெல்கா அக்கா ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார்.

புருசெத்தில் எங்கள் கட்டடத்தில் இருந்த, இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். ஜெர்மன்காரி. நோர்வேக்காரரைக் கலியாணம் செய்து ஒஸ்லோவுக்கு வந்து, அவர் இறந்த பிறகும் இங்கேயே இருந்தவர். எல்லிங்ஸ்ருட் முதியோர் இல்லத்தில் ஒன்பது வருசம் நாங்கள் இருவரும் கட்டில் விரிப்பு மடித்தோம். அக்கா இரண்டு மூலை, நான் இரண்டு மூலை. எதிரெதிரே நடந்து வந்து, மூலைகளை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்புவேன். மெஷின் கக்கும் நீராவிக்குள் அக்காவின் முகம் தெரியும், மறையும், பிறகும் தெரியும். இப்போதும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எங்களுக்குள் இருந்தது உடைந்த நோர்வேஜியன்தான். அக்கா சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன், அப்படித்தான் எனக்கு ஞாபகம்.

அறுபது வயதில் அக்கா ஆங்கிலம் படிக்கத் தொடங்கினார். விரிப்பு மடிக்கும்போது அந்தக் குழப்பம் முழுவதையும் என்னிடம் கொட்டுவார். "கை கழுவினாலும் என்ர கை எண்டு சொல்லவேணுமாம். நான் வேற ஆற்ர கையைக் கழுவப் போறன்?" ஜெர்மனில் வெறும் 'அந்தக் கை' போதுமாம். வாழ்க்கை, சாவு என்பவற்றுக்கு முன்னால் ஜெர்மனில் ஒரு சின்னச் சொல் வருமாம், ஆங்கிலத்தில் வராதாம். "சட்டை போடாத பிள்ளையைக் குளிருக்குள்ள விட்டமாதிரிக் கிடக்கு" என்பார். எங்கள் பாஷையில் எப்படி என்று கேட்டார். கை கழுவினன், அவ்வளவுதான் என்றேன். ஆற்ர கை என்று எப்படித் தெரியும் என்றார். கழுவினவவின்ர கைதானே அக்கா என்றேன். அன்று முழுக்கச் சிரித்தார்.

அந்தப் படிப்பு ஒரு கடிதத்துக்காக. அக்காவின் ஒரே மகன் ஸ்கொட்லாந்தில் ஒரு பெண்ணைக் கலியாணம் செய்தபோது, பிடிக்கவில்லை என்று அக்கா போகவில்லை. பிறகு அந்தப் பிள்ளையின் பாஷையிலேயே மன்னிப்புக் கேட்க நினைத்தார். மகனிடம் கொடுத்துத் திருத்தலாமே என்று கேட்டேன். "திருத்தினால் அது திருத்தினவன்ர கடிதம்" என்றார்.

இரண்டு பனிக்காலம் எழுதினார். தேத்தண்ணி நேரத்தில் எடுப்பார், ஒரு சொல்லை வெட்டுவார், மேலே வேறு சொல் எழுதுவார், அதையும் வெட்டுவார். என் மகன் என்று எழுதினால் பழைய சண்டை வந்துவிடும், உன் கணவன் என்று எழுதினால் அவனைக் கொடுத்துவிட்டது போல இருக்கும் என்பார். உறையில் விலாசம் எழுதியாயிற்று. உறை ஒட்டவில்லை. சலவை அறையில் தலையணை உறைகளுக்குக் கீழே அது கிடந்தது.

ஊரில் சண்டை நேரம் நாங்கள் கடிதம் அனுப்பிய விதம் உங்களுக்குத் தெரியும். தபால் இல்லை, பாதை பூட்டியிருக்கும். ஆள் போகுது என்று யாராவது வந்து சொன்னால், பத்து நிமிசத்தில் இருக்கிற கடுதாசியைக் கொடுக்கவேண்டும். நாளை என்று வைத்திருந்த கடிதம் போனதில்லை. எங்கள் கட்டடத்துச் சிவம் அண்ணை தங்கச்சி மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு ஸ்கொட்லாந்துக்கு, கிளாஸ்கோவுக்குப் போகிறார் என்று ஒரு வெள்ளிக்கிழமை கேள்விப்பட்டேன். அக்கா பல்லுக் கழற்ற லீவு. என் கை தானாகப் போனது. கடிதத்தை எடுத்து, உறையை ஒட்டி, அவரிடம் கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை சொன்னேன். அக்கா மூலைகளைக் கீழே விட்டார்.

"அது முடிக்காத கடிதம். அது என்ர."

அதற்குப் பிறகு மூன்று வாரம் அக்கா என்னோடு கதைக்கவில்லை. விரிப்பைத் தனியாக, மேசையில் போட்டு மடித்தார். நானும் தனியாக மடித்தேன். ஒன்றும் நேராக வரவில்லை. நான் கெடுத்துவிட்டேன், அந்தப் பிள்ளை இனி வரமாட்டாள் என்றே நினைத்திருந்தேன்.

நான்காம் கிழமை ஒரு காலை, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஆவிக்குள்ளிருந்து இரண்டு மூலைகள் என் பக்கம் நீண்டன. பிடித்தேன். மூன்று விரிப்பு முடிந்த பிறகுதான் அக்கா கதைத்தார்.

"ரெலிபோன் எடுத்தவள். ரெண்டு பேரும் யூலையில வருகினம்."

பிழைகளைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. வெட்டினதுகளைத்தான் முதல் வாசிச்சவளாம்."

பிறகு ஒவ்வொரு யூலையும் வந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அக்கா நன்றி சொல்லவும் இல்லை. அடக்கத்தன்று மருமகள் கைப்பையைத் திறந்து அந்தக் கடிதத்தை எனக்குக் காட்டினாள். மடிப்புகள் நைந்து போயிருந்தன. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. வெட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதை எழுதும்போது நானும் கனக்க வெட்டினேன். திருத்தித் தருகிறோம் என்று இந்த மலர் போடுகிற பிள்ளைகள் சொன்னார்கள். எழுத்துப் பிழையை மட்டும் பாருங்கள், மற்றதில் கை வைக்கவேண்டாம் என்றேன். அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பிடிவாதம்.

அக்கா, கேட்காமல் எடுத்தது பிழை. இந்த வரியை மட்டும் நான் வெட்டவில்லை.