இரண்டு ரிக்கெற்

நம் நாட்டு நாவல்களை வாசிக்க வைப்பதற்காக நாடு முழுவதும் நடக்கும் புத்தக விவாதத்தில், கிளிநொச்சிச் சுற்றை நான்தான் வென்றேன். எதிரணி முன்வைத்த வன்னி நாவலைப் பிய்த்து எறிந்துதான் வென்றேன். அதில் வரும் தாய், காணாமல் போன மகனுக்கும் சேர்த்துத் தினமும் பஸ்ஸில் இரண்டு ரிக்கெற் எடுப்பாள்.

“எந்தக் கொண்டக்டர் இதற்குச் சம்மதிப்பார்? இது சோகத்தை விற்கிற கற்பனை” என்றேன். மண்டபமே கைதட்டியது.

மாலையில், வென்ற கிண்ணத்தோடு புதுக்குடியிருப்பு பஸ்ஸில் ஏறினேன். நிற்கவே இடமில்லை. ஆனாலும் ஒரு அம்மாவுக்குப் பக்கத்து இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஒருவரும் அதில் இருக்கவில்லை. கொண்டக்டர் வந்தார். அந்த அம்மா எதுவும் கேட்கவில்லை. கொண்டக்டர் தானாகவே இரண்டு ரிக்கெற் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த இரண்டு ரிக்கெற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“கனநேரமா நிக்கிறீங்கள் பிள்ளை, இருங்கோ.” பிறகு வெறும் இடத்தின் பக்கம் திரும்பி, “கொஞ்சம் தள்ளி அரக்கி இரடா தம்பி, அக்கா இருக்கட்டும்” என்றார்.

மறுக்க முடியவில்லை. சீற்றின் விளிம்பில் இருந்தேன். பஸ் குலுங்கும்போதெல்லாம் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். சரிந்தால் யார்மீதோ இடித்துவிடுவேன் என்று உண்மையாகவே பயந்தேன்.

இறங்கும் இடம் வந்ததும், “போட்டு வாறன் அம்மா” என்று எழும்பினேன்.

“அவனுக்கும் சொல்லுங்கோ.”

சொன்னேன். மண்டபத்தில் பேசிய வேறெதுவும் இப்போது நினைவில் இல்லை. பதில் வருமென்று பஸ் படியில் ஒரு கணம் காத்து நின்றது மட்டும் மறக்கவில்லை.