புதருக்குப் பின்னாடி நான் பண்ணின ஜெபம்

போன வருஷம் இதே இடத்துல நின்னு நான் ஒரு சாட்சி சொன்னேன். உங்கள்ல பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும், கையெல்லாம் தட்டினீங்க. அந்தச் சாட்சியை இன்னைக்கு நான் வாபஸ் வாங்கறேன். அதுக்குத்தான் பாஸ்டர்கிட்ட கேட்டு நேரம் வாங்கினேன். நின்னே சொல்லிடறேன்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன், என் பேர் எஸ்தர். கெலமங்கலம் ரோட்டுல நம்ம சபைக்குப் பின்னாடி, குட்டி விமானம் இறங்குற ரன்வே இருக்கு இல்லையா, அதைப் பெருக்கற வேலை எனக்கு. ஆறு வருஷமா செஞ்சேன். வாரத்துக்கு ஒண்ணோ ரெண்டோ வரும். விமானம் ஓட்டப் பழகற பசங்க வேற ஊர்ல இருந்து பறந்து வந்து, இங்க இறங்கிப் பழகிட்டுப் போவாங்க. காலைல நான் இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் நடந்து கல்லு, கம்பி, செத்த நாய், எது கிடந்தாலும் எடுத்துப் போடணும். அப்புறம் வாட்ச்மேன் முனியப்பண்ணாகிட்ட "சுத்தமா இருக்கு"ன்னு சொல்லணும். அதை நம்பித்தான் மேல இருக்கறவங்க இறங்குவாங்க.

அந்த இடம் இருக்கற லட்சணம் உங்களுக்கே தெரியும். வேலி பாதி சாஞ்சு கிடக்குது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்டற துணிப்பை கிழிஞ்சு கோவணம் மாதிரி தொங்குது. தார் வெடிச்சு புல்லு முளைச்சிருக்கு. நாயும் எருமையும் சொந்த வீடு மாதிரி வரும், போகும். நான் சும்மா இருக்கற ஆளா? ஆபீஸ்காரங்க வந்தா மூஞ்சிக்கு நேரா கேப்பேன், "ஏன் சார், ஒரு உசிரு போனாத்தான் வேலி போடுவீங்களா?"ன்னு. எனக்கு வாய் ஜாஸ்தி. ஊரான் தப்பையெல்லாம் சத்தம் போட்டுச் சொன்னேன். என் முதுகு எனக்குத் தெரியல.

போன வருஷம் குத்தகை நிலத்து ராகியை அறுத்து வெச்சிருந்தோம். காயப்போட களம் இல்ல. ரோட்டுல போட்டா லாரிக்காரன் திட்டறான். வானம் வேற மூட்டமா இருக்கு. "ஆண்டவரே, ஒரு களம் காட்டுங்க"ன்னு அழுது ஜெபம் பண்ணேன். மறுநாள் பெருக்கப் போறேன், ரன்வே காலியா கிடக்குது, வேலியில டிராக்டர் போற அளவுக்குச் சந்து. கர்த்தரே திறந்து விட்டாருன்னு நெனச்சேன். நெனச்சேன்னு சொல்றது கூட பொய்தான். அப்படி நெனச்சா எனக்குச் சௌகரியமா இருந்துச்சு, அவ்வளவுதான். முனியப்பண்ணாவுக்கு ரெண்டு படி ராகி கொடுத்து வாயை அடைச்சேன். அப்புறம் இங்க வந்து, "கர்த்தர் எனக்கு மைல் நீளத்துக்குக் களம் கொடுத்தாரு"ன்னு சொன்னேன். நீங்க அல்லேலூயா சொன்னீங்க.

அதோட போச்சா? அந்தச் சாட்சியைக் கேட்டு இந்த வருஷம் நம்ம சபையில இருந்தே இன்னும் மூணு குடும்பம் ராகியோட வந்துச்சு. பேர் சொல்ல மாட்டேன், தலையைக் குனியாதீங்க. கூட்டிட்டுப் போனவ நான்.

பொங்கலுக்கு முந்தின வியாழக்கிழமை. அன்னைக்கு விமானம் இல்லைன்னு அண்ணா சொல்லிட்டாரு. தெக்கு முனையில நாலு குடும்பமும் தார்ப்பாய் விரிச்சோம். நம்ம பக்கம் ராகி காயப்போட்டா சுத்தியும் கல்லு வெப்போம் இல்லையா, வண்டி ஏறக்கூடாது, பாய் பறக்கக்கூடாதுன்னு. ஒவ்வொண்ணும் தலை அளவு. சாயங்காலம் திடீர்னு தூறல். அடிச்சுப் புடிச்சு அள்ளி மூட்டை கட்டினோம். கல்லை மட்டும் அப்படியே விட்டுட்டோம். காலைல பெருக்கும்போது எடுத்துக்கலாம்னு சொன்னது நான்தான்.

வெள்ளிக்கிழமை காலைல ஒரே பனி. உபவாச ஜெபத்துல பாட்டு நடத்தற முறை என்னுது. பெருக்கப் போகாம நேரா இங்க வந்துட்டேன். முனியப்பண்ணா போன் பண்ணாரு. "ஏம்மா, பதினோரு மணிக்கு கிளாஸ்காரங்க வர்றாங்களாம், இப்பதான் சொன்னாங்க. பெருக்கிட்டியா?"

"சுத்தமா இருக்குண்ணா"ன்னு சொன்னேன்.

வாய் கூசாம சொன்னேங்க. பத்தரைக்கு நழுவிப் போய் கல்லைத் தூக்கிப் போட்டுக்கலாம்னு கணக்கு. பத்து மணிக்கெல்லாம் சத்தம் கேட்டுச்சு. நீங்க கண்ணை மூடிப் பாடிட்டு இருந்தீங்க. செருப்பு கூட போடாம ஓடினேன்.

வேலிச் சந்துல நுழையும்போது விமானம் தூரத்துல தாழ இறங்கிட்டு இருக்கு. கல்லுங்க அப்படியே கிடக்குது. தாரும் அதே நிறம், கல்லும் அதே நிறம். மேல இருந்து பார்த்தா எப்படித் தெரியும்? வடக்கு முனையில காருக்குப் பக்கத்துல, விமானம் ஓட்டக் கத்துக்கொடுக்கற கிளாஸ் சாரும் முனியப்பண்ணாவும் நிக்கறாங்க. நான் நடுவுல ஓடிக் கையை ஆட்டியிருக்கணும். ஆட்டல. என்னைப் பார்த்துடுவாங்களேன்னு உண்ணிப் புதருக்குப் பின்னாடி உக்காந்துட்டேன். உக்காந்து ஜெபம் பண்ணேன். "ஆண்டவரே, நான் மாட்டிக்காம காப்பாத்துங்க." இதான் ஜெபம். வேற ஒரு வார்த்தை இல்ல. உள்ள இருக்கறது ஆணா பொண்ணா, ஒருத்தரா ரெண்டு பேரான்னு கூட நான் நெனைக்கல. இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பே கூசுது.

அப்ப நடு ரன்வேயில ஒரு எருமை ஏறுச்சு. நிதானமா நடந்து வந்து நடுவுல நின்னுச்சு. கல்லு தெரியாட்டியும் எருமை தெரியும் இல்ல? விமானம் என் தலைக்கு மேல உறுமிட்டு மறுபடியும் மேல போயிடுச்சு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? ஸ்தோத்திரம் சொன்னேன். என் ஜெபத்தைக் கேட்டுட்டாருன்னு.

எழுந்து கல்லைத் தூக்கறேன். ரெண்டு, மூணு தூக்கியிருப்பேன். போன் அடிக்குது. முனியப்பண்ணா மூச்சு வாங்கப் பேசறாரு. "எருமையை ஓட்டிட்டேன். அந்தப் பொண்ணு திரும்பி வருது. இன்னைக்குத்தான் மொதல் தடவை தனியா ஊர் விட்டு ஊர் ஓட்டிட்டு வருதாம். உன் பக்கம் சுத்தம்தானேன்னு சார் கேக்கறாரு, சொல்லும்மா."

தனியா. பொண்ணு. "ஆமாண்ணா"ங்கறது வாய் வரைக்கும் வந்துடுச்சு. இன்னும் முப்பது கல்லு இருக்கும், அதுக்குள்ள தூக்கிடலாமான்னு கூட பார்த்தேன். முடியாதுன்னு எனக்கே தெரியுது. அப்பத்தான் வேற ஜெபம் வந்துச்சு. "கர்த்தாவே, நான் நாறிப் போனாலும் போறேன், அந்தப் புள்ள வேணும்." வாய் தன்னால திறந்துச்சு.

"இறங்க வேணாம்னு சொல்லுண்ணா. கல்லு இருக்கு. நாங்க வெச்ச கல்லு. நான் பெருக்கவே இல்ல."

முனியப்பண்ணா தெலுங்குல, "எந்த பனி சேசினாவம்மா"ன்னாரு. என்ன காரியம் பண்ணிட்டியேன்னு அவர் கேட்ட குரல் இன்னும் என் காதுல இருக்கு.

சார் ரேடியோவுல சொல்லி அந்தப் பொண்ணை மேலயே சுத்த வெச்சாரு. நான் போட்ட கூச்சலைக் கேட்டு நீங்கல்லாம் ஜெபத்தை விட்டுட்டு ஓடி வந்தீங்க. ஆளுக்கு ஒண்ணா தூக்கினோம். கடைசிக் கல்லை வேலிக்கு வெளிய போட்டப்புறம் விமானம் இறங்குச்சு. பூ வெச்ச மாதிரி இறங்குச்சு.

கதவைத் திறந்து இறங்கினது சின்னப் பொண்ணு. பத்தொம்பது, இருபது இருக்கும். "அக்கா, சொல்ப நீரு"ன்னு கன்னடத்துல தண்ணி கேட்டுச்சு. பாட்டிலைக் கொடுத்தேன். குடிச்சிட்டுச் சொல்லுச்சு, "எருமையைப் பார்த்ததும் பயந்துட்டேன் அக்கா. கீழ எல்லாம் சரியா இருக்கணும் சாமின்னு கும்பிட்டுட்டே சுத்தினேன்." எந்தச் சாமின்னு நான் கேக்கல. "அந்தக் கல்லு நான் வெச்சதும்மா"ன்னேன். பாட்டிலை என் கையில கொடுத்துட்டுப் போயிடுச்சு.

அன்னைக்கே எனக்கு வேலை போச்சு. போக வேண்டியதுதான். முனியப்பண்ணாவை எச்சரிச்சு விட்டாங்க, அவர் இன்னும் என் முகத்தைப் பார்க்கறதில்ல. வேலி போடற வரைக்கும் கிளாஸ் கிடையாதுன்னு சார் சொல்லிட்டாரு, இப்ப கம்பம் நடறாங்க. நான் ரோஜாத் தோட்டத்துல பூ கட்டு கட்டப் போறேன். அங்க தப்பு பண்ணா உடனே போய்ச் சொல்லிடறேன், மேஸ்திரி சிரிக்கறாரு.

ஆண்டவர் கேட்ட ஜெபம் புதருக்குப் பின்னாடி நான் பண்ணினது இல்லீங்க. அதை அவர் கேக்காம விட்டதுதான் எனக்குச் செஞ்ச பெரிய தயவு. அவர் கேட்டது மேல சுத்திட்டு இருந்த அந்தப் புள்ளையோடதை. அதுக்குப் பதில் சொல்ல இந்தப் பொய் வாயைப் போய் எடுத்தாரே, அதை நெனச்சா எனக்கு அழுகைதான் வருது. நன்றிப்பா, நன்றி.

அவரை நம்புங்க. ஆனா "மாட்டிக்காம காப்பாத்துங்க"ன்னு ஜெபம் பண்ணத் தோணுச்சுன்னா, முழங்காலை விட்டு எழுந்துடுங்க. யாருகிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மொதல்ல சொல்லுங்க. மிச்சத்தை அவர் பார்த்துப்பாரு.

அந்தப் பொண்ணு பேர் கூட எனக்குத் தெரியாது. அவளுக்காக இப்ப ஒரு ஜெபம் பண்ணுவோம். வேற யாராவது நடத்துங்க. நான் கடைசியில போய் உக்காந்து ஆமென் மட்டும் சொல்லிக்கறேன்.