பிரேக்கம்மா ஏறிய கடைசி மேடு

இருபத்தாறு வருடம், நாளுக்கு ஆறு டிரிப், ஒரு விபத்துகூடக் கிடையாது. நகரப் பேருந்து ஓட்டும் அந்த ஐம்பத்திரண்டு வயதுக்காரருக்குப் பணிமனையில் பிரேக்கம்மா என்று பெயர். அவர் வண்டியை நிறுத்தினால், நின்றுகொண்டு வருபவர் கையிலிருக்கும் டீகூடத் தளும்பாது.

நான்கு மாதத்துக்கு முன் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை. வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். வீட்டில்தான் ஒருவரும் எழுதிக் கொடுப்பதாக இல்லை. கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர், விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்து, குடும்பத்தோடு வந்த விடுமுறைக்கே எடுத்து வந்திருந்தார். மூன்றாம் நாள் காலை, கடலோர விடுதியின் சாப்பாட்டு மேசையில் அது வெளியே வந்தது.

“என்னங்க இது, ஊர் சுத்த வந்த இடத்துல?”

“உன் காலுக்காகத்தாம்மா. போட்டுடு.”

“மாடிப்படி ஏறும்போது எத்தனை தடவை நிக்கிறேன்னு எண்ணிட்டுத்தான் இருக்கேன்” என்றாள் மகள்.

பிரேக்கம்மா ஜன்னல் வழியே பார்த்தார். வாசலில் வாடகை சைக்கிள்கள். அப்பால், கடலை ஒட்டி ஏறி இறங்கிக் கலங்கரை விளக்கம் வரை போகும் மலைச்சாலை, பதினெட்டு கிலோமீட்டர்.

“அந்த விளக்கு வரைக்கும் மிதிக்கிறேன். எந்த மேட்டுலயும் கால் தரையில படாது. பட்டா கையெழுத்து. படலேன்னா நீங்களே கிழிச்சிடணும்.”

“மாமா, முதல் மேட்டுலயே அக்கா ஆட்டோ தேடும் பாருங்க” என்றார் தம்பி.

நால்வரும் கிளம்பினார்கள். பிரேக்கம்மா சைக்கிளையும் பேருந்தாகவே ஓட்டினார். திருப்பத்துக்கு முன் கை காட்டினார், எதிரே வருவது தெரியாத வளைவில் மணியடித்தார், மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்தார். வேகமாகப் பாய்ந்த தம்பிக்கு இரண்டாவது மேட்டிலேயே மூச்சு வாங்கியது. இறங்கித் தள்ளினார்.

“என்னடா, சைக்கிளை வாக்கிங் கூட்டிட்டுப் போறியா?” என்று கேட்டபடி அக்கா தாண்டிப் போனார். கீழே பாறைகளில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. முழங்கால் முனகியது, ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் மடங்கிக் கொடுத்தது.

நான்கு மேடு முடிந்தது. ஐந்தாவதுதான் கடைசி, அதுதான் செங்குத்து. அதன் நடுவில் ஒரு பேருந்து நிறுத்தம். மூன்று பேர் பைகளோடு நின்றார்கள். பின்னால் வந்த பேருந்தைப் பார்த்து ஒரு பெரியவர் கை நீட்டினார்.

அவ்வளவுதான். பிரேக்கம்மாவின் விரல்கள் தாமாகவே அழுத்தின. சைக்கிள் நிறுத்தத்துக்கு நேராக, குலுங்காமல் நின்றது. இடது கால் தரையில் இருந்தது.

பெரியவர் சைக்கிளைப் பார்த்தார். “பின்னாடி ஒருத்தருக்குத்தானேம்மா இடம் இருக்கு?”

நிறுத்தத்தில் ஒரே சிரிப்பு. மகள் சிரிக்கவில்லை. “அம்மா, கால் பட்டுடுச்சு.”

“பட்டுடுச்சுதான்” என்றார் பிரேக்கம்மா. கணவரைப் பார்த்தார். “வலிச்சு நின்னேனா, பழக்கத்துல நின்னேனா? நீங்களே சொல்லுங்க.”

“பழக்கம்தான். அதுக்காகப் பேச்சு மாற முடியுமா?”

“மாற வேணாம். இந்த மேட்டை அடியிலேருந்து மறுபடி ஏறுறேன்.”

யாருடைய பதிலுக்கும் காத்திராமல் சைக்கிளைத் திருப்பி, அந்த மேட்டில் ஏறி வந்த அத்தனையையும் இறங்கி, அதன் அடிவாரத்தில் மறுபடி கியரைக் குறைத்தார். நிறுத்தத்தில் இப்போது வேறு இரண்டு பேர். ஒருவர் கையும் நீட்டினார். பிரேக்கம்மா மணியை அடித்துக்கொண்டு, “அடுத்த வண்டி வருதுங்க!” என்று தாண்டினார். கடைசி நூறு மீட்டரில் முகம் சிவந்து, வாய் திறந்து, சைக்கிள் இடமும் வலமும் ஆடியது. மகள் தன் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே ஓடினாள். “மிதிம்மா, மிதி, இன்னும் கொஞ்சம்தான்!”

மேட்டின் உச்சியில், கலங்கரை விளக்கத்தின் வாசலில்தான் கால் ஊன்றினார். கணவர் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நான்காகக் கிழித்தார்.

“துண்டுகளைக் கடல்ல போட்டுடாதீங்க” என்றார் பிரேக்கம்மா, மூச்சு வந்ததும்.

அடுத்த திங்கட்கிழமை, காலை ஐந்தே காலுக்கு அவருக்கு முதல் டிரிப்.