மொபெட் தள்ளிய முந்நூற்றைம்பது சிசி

என் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது நல்ல வண்டியாகத்தான் இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. எந்தப் பெட்டி எந்த டிரெய்லரில் ஏற வேண்டும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஒரே அச்சில் வார்த்த இரும்புப் பெட்டிகளைப் பார்க்கிறவனுக்குத் தன்னுடையது என்று ஒரு பொருளாவது உலகத்தில் யாரிடமும் இல்லாததாக இருக்க வேண்டும் என்று தோன்றாதா? இதை என் மனைவியிடம் விளக்கிச் சொன்னேன்.

"அதுக்கு வேற கலர்ல ஒரு சட்ட தச்சித் தரேன், போட்டுக்கினு போ" என்றாள். அவள் தையல்காரி. வீட்டின் முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு, எம்.கே.பி. நகரிலிருந்து மணலி புதுநகர் வரைக்கும் கல்யாண வீடுகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். அவளுக்கு எல்லாப் பிரச்சினைக்கும் துணியில்தான் தீர்வு.

முதலில் சைலன்சரை மாற்றினேன். கம்பெனி சைலன்சர் நீளமாக, அடக்கமாக இருந்தது. நான் போட்டது குட்டையானது. ஸ்டார்ட் செய்தால் தெரு முனையிலிருந்து கேட்கும். முதல் நாள் மாலை யார்டிலிருந்து அந்தச் சத்தத்தோடு எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன். வரிசையாக வீட்டுக் கதவுகள் திறந்தன. பெண்கள் எல்லோரும் வெளியே வந்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்புறம்தான் அவர்கள் கையில் பிளாஸ்டிக் குடங்களைக் கவனித்தேன்.

"அய்ய, தண்ணி லாரி இல்லியா? இவுருதானா?" என்றார் எதிர்வீட்டு அக்கா. எல்லோரும் குடத்தோடு உள்ளே போனார்கள். அடுத்த ஒரு மாதம் நான் வேலையிலிருந்து திரும்பும்போதெல்லாம் தெருவில் யாராவது ஒருவர் ஏமாந்துகொண்டிருந்தார்.

இந்த மாதிரி வேலைகளுக்கு நான் முதலில் போனது தண்டையார்பேட்டையில் இருக்கும் மெக்கானிக் பாயிடம். இருபது வருஷமாக வடசென்னையின் பாதி வண்டிகள் அவர் கை பட்டுத்தான் ஓடுகின்றன. அவரிடம் ஒரே ஒரு குறை. ஓடுகிற வண்டியைத் தொட மாட்டார்.

"இன்னா நைனா, வண்டி நல்லாத்தான கீது? இன்னாத்துக்கு இத்த நோண்டிகினு கீற?"

"லுக்கு பாய். ஒரு தனி லுக்கு வரணும்."

"லுக்கு வோணும்னா மூஞ்சக் கழுவு. வண்டில கை வெக்காத."

அதனால் மற்ற மாற்றங்களை நானே செல்போனில் வீடியோ பார்த்துச் செய்தேன். அகலமான ஹேண்டில்பார் போட்டேன். அதற்குப் பிறகு வண்டி எங்கள் வீட்டுச் சந்துக்குள் நேராக நுழையவில்லை. தினமும் அதை ஒருக்களித்து, மூக்கைத் திருப்பி, பீரோவை மாடிக்கு ஏற்றுவதுபோல உள்ளே கொண்டுபோனேன். கிக்கர் அசிங்கமாகத் தொங்குகிறது என்று கழற்றினேன். பட்டன் இருக்கும்போது கிக்கர் எதற்கு? முன்பக்கம் நாலு விளக்கு, ரெண்டு ஹாரன், போன் சார்ஜர். ஒயரை எல்லாம் நானே இழுத்து, டேப் சுற்றி, உள்ளே திணித்து மூடினேன். இதைக் கேள்விப்பட்ட பாய் எழுந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"பேட்டரிய இன்னான்னு நென்ச்ச? எண்ணூர் பவர் ஹவுஸ்னா?"

கடைசியாக சீட்டு. இரண்டு பேர் உட்காரும் கம்பெனி சீட்டைக் கழற்றி ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு ஆள் உட்காரும் தோல் சீட்டு போட்டேன். பின்னால் ஆள் இல்லாதபோது பின்பக்க ஃபுட்ரெஸ்ட் எதற்கு, சேலைக் கம்பி எதற்கு என்று அவற்றையும் எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் தன் அக்கா வீட்டுக்குப் போகக் கிளம்பி வந்த மனைவி, வண்டியைப் பார்த்து நின்றாள்.

"நான் எங்க குந்தறது?"

"இது சோலோ சீட்டுமே. ஸ்டைல் இது."

அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் என் பக்கத்து நியாயங்களைச் சொல்லியிருப்பேன். அடுத்த வாரம் ஒரு பழைய மொபெட் வாங்கிவந்தாள். மழை வெயில் எல்லாம் பார்த்து நிறம் போனது. முன்னால் கால் வைக்கும் இடத்தில் துணி மூட்டையை வைத்துக்கொண்டு அவள் பாட்டுக்கு ஊரெல்லாம் சுற்றினாள். என் வண்டி உறை போட்டு நிழலில் நின்றது. கடல்காற்றின் உப்பு காலையில் குரோமில் படியும், தொழிற்சாலைப் பக்கத்துக் கருப்புத் தூசி மாலையில் படியும். நான் இரண்டு வேளையும் துடைத்தேன். ஜாக்கெட்டுக்கு வைத்திருந்த லைனிங் துணி எப்படிக் குறைகிறது என்பது மட்டும் அவளுக்குப் பல நாள் புரியாமல் இருந்தது.

இத்தனையும் யார் பார்த்து மெச்ச? அதற்குத்தான் எங்கள் செல்போன் குழு. எல்லோரும் ஒரே வகை முந்நூற்றைம்பது சிசி வண்டி வைத்திருப்பவர்கள். அண்ணா நகர், வேளச்சேரி, அந்தப் பக்கத்து ஆட்கள்தான் அதிகம். வண்டி ஒன்றுதான் என்றாலும் ஒப்பிடாமல் எங்களால் இருக்க முடியாது. எந்த வருஷத்து எஞ்சினில் உண்மையான சத்தம் இருந்தது, எந்த ஆயில் ஊற்றினால் கியர் வெண்ணெய்போல விழும், யாருடைய வண்டி நடுங்காமல் எண்பதைத் தாண்டும் என்று காலையில் ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு வரை போகும். கடைசியில் ஒவ்வொருவர் வண்டியும் மற்ற எல்லார் வண்டியையும்விடச் சிறந்தது என்று முடிவாகும். யாரும் மனம் புண்பட்டதில்லை, ஏனென்றால் யாரும் மற்றவர் எழுதியதைப் படித்ததில்லை.

அவர்கள் எப்போதும் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் போவார்கள். ஒரு முறை நான் குழுவில் எழுதினேன்: எங்கள் பக்கம் வாருங்கள், மணலி, மீஞ்சூர் வழியாகப் பழவேற்காடு போகலாம், அசல் சாலை எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். குழுவின் தலைவர் உடனே ஒத்துக்கொண்டார். அவர் கணினிக் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர். ஹெல்மெட்டின் மேல் கேமரா வைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து வண்டிகள் வந்தன. எல்லோரும் முழங்கை, முழங்கால், முதுகு எல்லாவற்றுக்கும் கவசம் வைத்த ஜாக்கெட் போட்டிருந்தோம். ஆறு மணிக்கு என்று பேச்சு. படம் எடுத்து முடித்துக் கிளம்பும்போது எட்டேகால். நான்தான் வழிகாட்டி என்பதால் முன்னால் போனேன். மணலி தாண்டியதும் சாலையின் இடப்பக்கம் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நின்றன. வலப்பக்கம் வந்துகொண்டிருந்தன. நடுவில் நாங்கள். தூசியில் பின்னால் வருபவர்களுக்கு வழி தெரிய வேண்டுமே என்று நாலு விளக்கையும் போட்டேன். ஒரு டிரெய்லர் குறுக்கே வந்தது. இரண்டு ஹாரனையும் சேர்த்து அழுத்தினேன்.

ஹாரன் அரைவாசி கத்தி நின்றது. விளக்குகள் அணைந்தன. எஞ்சினும் நின்றது. சீட்டுக்கு அடியிலிருந்து, அயர்ன்காரர் கடையில் துணி கருகினால் வருமே, அந்த வாசனை வந்தது. நான் சுற்றிய டேப் உருகிக்கொண்டிருந்தது.

பத்துப் பேரும் வண்டிகளை நிறுத்திவிட்டு வந்தார்கள். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அந்தந்த வருஷத்து மாடலில் இந்தப் பிரச்சினை உண்டா இல்லையா என்று அங்கேயே ஓர் ஒப்பீடு தொடங்கியது. யாரிடமும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இல்லை. வரிசையில் நின்ற டிரெய்லரின் டிரைவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "கிக்கர்ல ஒதச்சிப் பாரு நைனா" என்றார். நான் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து மொபெட் சத்தம் கேட்டது. மணலி புதுநகரில் ஒரு முகூர்த்த வீட்டுக்குப் பத்து மணிக்குள் ஜாக்கெட்டுகளைக் கொடுத்தாக வேண்டும் என்று மனைவி காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது. டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்து வந்தவள், என்னைப் பார்த்து பிரேக் போட்டாள். பத்து ஜாக்கெட்காரர்களையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னாய்யா ஆச்சு?"

"ஒயரு கருகிப்போச்சுமே."

"சரி, ஏறிக் குந்து. டோச்சன் பண்ணிக்கினு போறேன்."

பழுதான வண்டியில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க, பின்னால் வரும் வண்டிக்காரர் அதைக் காலால் உந்தித் தள்ளிக்கொண்டு போவதை எங்கள் பக்கம் டோச்சன் என்போம். வடசென்னையில் இது அன்றாடம் நடப்பது. பெரிய வண்டி மொபெட்டைத் தள்ளிப் பார்த்திருக்கிறேன். இப்படித் தலைகீழாகப் பார்த்ததில்லை.

மறுத்துப் பார்த்தேன். "மொபெட்டு இழுக்காது. என் வண்டி இருநூறு கிலோ."

"இழுக்கலன்னா தள்ளும். கல்யாண வூட்ல காத்துக்கினு கீறாங்க. குந்து."

உட்கார்ந்தேன். அவள் வலப்பக்கமாக மொபெட்டைக் கொண்டுவந்து, இடது காலைத் தூக்கி, வைக்க இடம் தேடினாள். வழக்கமாகப் பின் ஃபுட்ரெஸ்ட்டில்தான் வைப்பார்கள்.

"எங்கய்யா கால வெக்கறது? எல்லாத்தயும் கழட்டிப் போட்டுக்கீற?"

மிச்சமிருந்தது அந்தக் குட்டை சைலன்சர் ஒன்றுதான். அது சூடாக இருந்தது. தலைவர் தன் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து அதன்மேல் ஊற்றினார். சுர்ரென்று ஆவி கிளம்பியது. இரண்டாவது பாட்டில், மூன்றாவது பாட்டில். பழவேற்காடு வரைக்கும் என்று கொண்டுவந்த தண்ணீர் முழுக்க என் சைலன்சருக்குப் போயிற்று. பிறகு அவள் ரப்பர் செருப்புக் காலை அதன்மேல் வைத்து ஆக்சிலரேட்டரைத் திருகினாள்.

வண்டி நகர்ந்தது. முதலில் நடக்கிற வேகம், பிறகு சைக்கிள் வேகம். மொபெட் முனகிக்கொண்டே தள்ளியது. என் வண்டியிலிருந்து முதல் தடவையாக ஒரு சத்தமும் வரவில்லை. எங்களுக்குப் பின்னால் பத்துப் பெரிய வண்டிகள் முதல் கியரில் ஊர்வலமாக வந்தன. டிரெய்லர் டிரைவர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருவர் கை தட்டினார். எனக்கு ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது. இறக்கினேன். ஜாக்கெட்டில் நான் பெரிதாக எழுதி ஒட்டியிருந்த குழுவின் பெயரை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

"பிரேக்க புடிக்காதய்யா!" என்று பின்னாலிருந்து கத்தினாள். "நேராப் பாரு. பயப்படாத, நான் கீறேன்ல?"

அவள் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. மூன்று வருஷமாக வண்டி ஓட்டுவதைப் பற்றி நான் அவளுக்குச் சொல்லாத விஷயம் இல்லை. அன்றைக்குத்தான் அவள் எப்படி ஓட்டுகிறாள் என்று தெரிந்துகொண்டேன். பள்ளம் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்தாள். எதிரே வண்டி வந்தால் என்னை ஓரமாக அணைத்துக் கொண்டுபோனாள். காலை ஒரு தடவைகூட எடுக்கவில்லை.

புதுநகரில் கல்யாண வீட்டு வாசலில் என் வண்டியை நிறுத்தினோம். பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. ஜாக்கெட்டுகளைக் கொடுத்தாள். பந்தலில் எல்லோருக்கும் டிபன் சாப்பிடச் சொன்னார்கள். குழுவினர் கவச ஜாக்கெட்டோடு வரிசையாக உட்கார்ந்து பொங்கலும் வடையும் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவர்களை யாரோ பாதுகாப்புக்கு வந்தவர்கள் என்று நினைத்து மரியாதையாகவே கவனித்தார்கள். குழு அத்தோடு திரும்பிவிட்டது. நான் மனைவியின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன்.

தலைவரின் ஹெல்மெட் கேமரா எல்லாவற்றையும் எடுத்திருந்தது. சாயங்காலம் குழுவில் போட்டார். ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை. மொபெட் என்ன மைலேஜ் தரும், மேட்டில் தள்ளுமா, பழைய மாடலா புதிய மாடலா என்று என்னிடம் கேட்டார்கள். வேளச்சேரிக்காரர் ஒருவர் என் நாலு விளக்கையும் அகலமான ஹேண்டில்பாரையும் தனக்குத் தர முடியுமா என்று தனியாகக் கேட்டார். கொடுத்தேன். அவர் அவற்றை மாட்டிப் படம் எடுத்துப் போட்டிருந்தார். கம்பீரமாகத்தான் இருந்தது.

வண்டியை ஒரு மினி லாரியில் பாயிடம் கொண்டுபோனேன். இப்போது அது ஓடாத வண்டி என்பதால் சந்தோஷமாகக் கை வைத்தார். ஒயரை எல்லாம் பிடுங்கிப் புதிதாக இழுத்தார். கிக்கர், கம்பெனி சைலன்சர், பழைய ஹேண்டில்பார், பின் ஃபுட்ரெஸ்ட் எல்லாம் திரும்ப வந்தன. சீட்டுதான் இல்லை. என்னிடம் அதை வாங்கிப்போனவரிடம் கேட்டால், யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்றார்.

இதைக் கேட்ட மனைவி, "உங்க ஆளுங்க கிட்ட கேளு" என்று சொல்லி, என் போனை வாங்கி அவளே குழுவில் பேசி அனுப்பினாள். "அண்ணே, நான் அன்னிக்கு தள்ளிக்கினு வந்தவ. ரெண்டு பேர் குந்தற கம்பெனி சீட்டு யார்னா வூட்ல சும்மா கீதா? எங்க வூட்டுக்காரர் வண்டிக்கு வோணும்."

பத்து நிமிஷத்தில் பதினாலு பேர் பதில் போட்டார்கள். எல்லோர் வீட்டுப் பரணிலும் ஒரு சீட்டு இருந்தது. ஒருவர் படமே எடுத்து அனுப்பினார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் புத்தம்புதிதாக இருந்தது. மனைவி அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவுரு சம்சாரம் பாவம், ஒரு வாட்டிகூட குந்தல போலக் கீது" என்றாள்.

அந்தச் சீட்டைத்தான் வாங்கி மாட்டினோம். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பின்னால் உட்கார வைத்துப் பழவேற்காடு போய்வந்தேன். நண்டு சாப்பிட்டோம். ஏரிக்கரையில் நடந்தோம். திரும்பி வந்து இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வண்டி எப்படிமே?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "நல்லாத்தான் கீது. ஆனா தூரம் போறதுன்னா மொபெட்டுலயே போலாம்யா. இது ரொம்ப ஆடுது."

இந்த ஒப்பீட்டை மட்டும் நான் குழுவில் போடவில்லை.